பஸ்காவின் கடைசி நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பண்டிகை பஸ்கா. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முதல் இரவுதான். மேஜையைச் சுற்றிக் குடும்பம், புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை, நான்கு கிண்ணம் திராட்சரசம், வீட்டின் கடைக்குட்டி எழுந்து கேட்கும் நான்கு கேள்விகள். கடைசி நாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்த வாரத்திலேயே ரொம்பப் பிடித்த நாள் அதுதான். கடல் பிளந்ததைக் கொண்டாடுவதும் அன்றுதான், செத்துப்போன அப்பா அம்மாவை நினைத்து அழுவதும் அன்றுதான், இனி வரப்போகிற மீட்பரான மேசியாவுக்காகச் சாப்பாட்டு மேஜை போடுவதும் அன்றுதான். அவ்வப்போது கேட்பவர்களுக்குச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கடைசி நாள் ஏழாவது நாளா, எட்டாவது நாளா?

எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இஸ்ரேலில் பஸ்கா ஏழு நாள். எபிரேய நாட்காட்டியில் நீசான் மாதம் 15ஆம் தேதி தொடங்கி 21ஆம் தேதி முடிகிறது. இஸ்ரேலுக்கு வெளியே இன்னொரு நாள் கூடி, 22ஆம் தேதி முடிகிறது. வெளியே இருந்தாலும், மரபைத் தளர்த்திக்கொண்ட ரிஃபார்ம் பிரிவு யூதர்களில் பெரும்பாலானோர் ஏழோடு நிறுத்திக்கொள்வார்கள்.

யூத மரபில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ஆகவே 2026இல் ஏப்ரல் 1 மாலையில் தொடங்கும் பஸ்கா, இஸ்ரேலில் ஏப்ரல் 8 இருட்டும்போதும் மற்ற நாடுகளில் ஏப்ரல் 9 இருட்டும்போதும் முடியும். 2027இல் தொடக்கம் ஏப்ரல் 21 மாலை, முடிவு 28 அல்லது 29.

ஏழாம் நாளுக்கு எபிரேயத்தில் 'ஷெவிஈ ஷெல் பெசாஹ்' என்று பெயர். எட்டாம் நாள் 'அஹரோன் ஷெல் பெசாஹ்'. அஹரோன் என்றால் கடைசி. இந்தப் பக்கத்தில் இரண்டையும் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் தனித்தனி மணம் இருக்கிறது.

கூடுதலாக ஒரு நாள் எப்படி வந்து சேர்ந்தது?

அந்தக் காலத்தில் மாதம் பிறந்ததை அறிவித்தது எருசலேமில் இருந்த நீதிமன்றம். பிறையைக் கண்ணால் பார்த்தவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அறிவித்ததும் ஒலிவ மலையில் தீ மூட்டுவார்கள், அதைப் பார்த்து அடுத்த குன்றில் மூட்டுவார்கள், இப்படியே செய்தி பாபிலோன் திசையில் போகும். இடையில் சிலர் வேண்டுமென்றே பொய்த் தீ மூட்டிக் குழப்பியதால் ஆள் அனுப்பும் வழக்கம் வந்தது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஆள் நடந்துபோய்ச் சேருவதற்குள் பண்டிகை வந்துவிடும். தூரத்தில் இருந்தவர்களுக்கு மாதம் எந்த நாளில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாது. அதனால் சந்தேகத்துக்கு ஒரு நாள் சேர்த்துக் கொண்டாடினார்கள்.

பிறகு கணக்கிட்ட நாட்காட்டி வந்துவிட்டது, சந்தேகம் போய்விட்டது. வழக்கம் மட்டும் போகவில்லை. 'உங்கள் முன்னோர் வழக்கத்தைக் கைவிடாதீர்கள்' என்று ரப்பிகள் (யூத மத அறிஞர்கள்) சொல்லி அனுப்பினார்கள் என்கிறது தல்மூத், அதாவது மிஷ்னாவையும் அதன் மேல் நடந்த விவாதங்களையும் கொண்ட பெருநூல்.

ஏழாம் நாளில் என்ன நடந்ததாக நம்புகிறார்கள்?

கடல் பிளந்தது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இது 'சிவந்த சமுத்திரம்'. எபிரேயத்தில் 'யாம் சூஃப்', நாணல் கடல்.

வேதத்தில் தேதி போட்டிருக்காது. நாள் கணக்கைச் சேர்த்துச் சொல்வது பழைய உரையாசிரியர்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த ராஷி அதை இப்படி விளக்குகிறார். இஸ்ரவேலர் மூன்று நாள் பயணம் என்று சொல்லிவிட்டுத்தான் எகிப்திலிருந்து கிளம்பினார்கள். கூடவே எகிப்திய மன்னன் பார்வோனின் ஆட்களும் போனார்கள். மூன்று நாள் ஆயிற்று, இவர்கள் திரும்புகிற மாதிரி இல்லை. நாலாம் நாள் அந்த ஆட்கள் ஓடிவந்து பார்வோனிடம் சொன்னார்கள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அவன் துரத்தினான். ஏழாம் நாளின் இரவில் இவர்கள் கடலுக்குள் இறங்கினார்கள். விடிந்ததும் அக்கரையில் நின்று பாடினார்கள்.

அதனால்தான் இந்த நாளில் ஆலயத்தில் வாசிக்கிற பகுதி யாத்திராகமம் 13:17 முதல் 15:26 வரை. தொடர்ந்து தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து வாசிப்பது 2 சாமுவேல் 22, தாவீது தன் எதிரிகள் எல்லோரிடமிருந்தும் தப்பிய பிறகு பாடிய பாட்டு.

எகிப்திலிருந்துதான் முதல் நாளே வெளியே வந்துவிட்டார்களே. அப்புறம் கடைசி நாளுக்கு என்ன தனி அர்த்தம்?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் அவர்கள் எகிப்தை விட்டு வந்தார்கள், சரி. ஆனால் எகிப்து அவர்களை விட்டுப் போகவில்லை. யாத்திராகமம் 14ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். தூரத்தில் தேர்கள் தெரிந்ததும் அத்தனை பேரும் கதறுகிறார்கள். 'எகிப்தில் புதைக்க இடமில்லை என்றா எங்களை இங்கே சாகக் கூட்டிவந்தீர்?' என்று தங்கள் தலைவர் மோசேயிடம் பாய்கிறார்கள். 'அவர்களுக்கு அடிமையாகவே இருந்திருப்போமே' என்கிறார்கள். வந்து ஒரு வாரம் ஆகவில்லை. தலைமுறை தலைமுறையாக எஜமானைப் பார்த்ததும் உடம்பு நடுங்கிப் பழகியவர்கள். கை விலங்கு கழன்றிருந்தது, மனசில் இருந்தது அப்படியே இருந்தது.

கடலோரத்தில் விடிந்தபோதுதான் அது கழன்றது. எகிப்தியர் கரையில் செத்துக் கிடப்பதை இஸ்ரவேலர் கண்டார்கள் என்று வேதம் குறிப்பாகச் சொல்கிறது. இனி அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் வாயிலிருந்து பாட்டு வருகிறது. பஸ்கா இரவில் அவர்கள் பாடினதாகத் தோரா (வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) சொல்லவில்லை. ஏழாம் நாள் காலையில் பாடுகிறார்கள்.

முதல் நாள் வீட்டை விட்டு வந்த நாள், கடைசி நாள் பயம் விட்டுப்போன நாள். நான் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். ஒரு கொடுமையிலிருந்து வெளியேறியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வாசலைத் தாண்டுவது ஒரு நாள் வேலை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் திடுக்கிடாமல் இருக்க இன்னும் நாள் ஆகும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. முதல் இரவில் இஸ்ரவேலர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், வெளியே எல்லாம் கடவுள் செய்தார். கடலோரத்தில் அப்படி இல்லை. 'என்னிடம் ஏன் கதறுகிறாய், ஜனங்களைப் புறப்படச் சொல்' என்று கடவுள் மோசேயிடம் சொல்கிறார். அவர்களே காலை எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

முதலில் காலை எடுத்துவைத்தது யார்?

நகசோன். அம்மினதாபின் மகன், யூதா கோத்திரத்தின் தலைவன், ஆரோனுடைய மைத்துனன். வேதத்தில் இந்தச் சம்பவம் இல்லை, தல்மூதில் இருக்கிறது. கடல் இன்னும் பிளக்கவில்லை. 'நான் முதலில் இறங்கமாட்டேன், நீ இறங்கு' என்று கோத்திரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மோசே நீண்ட ஜெபத்தில் இருக்கிறார். அப்போது நகசோன் தண்ணீருக்குள் குதிக்கிறான். 'வெள்ளம் என் உயிர் மட்டும் வந்துவிட்டது, காப்பாற்றும்' என்ற 69ஆம் சங்கீதத்தின் வரியை அவன் வாயில் வைக்கிறார்கள் ரப்பிகள். அதற்குப் பிறகுதான் கடல் வழிவிட்டது. இன்றைக்கும் எபிரேயத்தில் ஒரு காரியத்துக்கு முதலில் துணிந்து இறங்குகிறவரை நகசோன் என்று சொல்வதுண்டு. உச்சரிப்பு மட்டும் 'நஹ்ஷோன்'.

பெண்கள் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. அக்கரையில் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புருவை (கைமேளம்) எடுத்துக்கொண்டு பாட, பெண்களெல்லாம் தம்புருக்களோடு பின்னால் போனார்கள். பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தவர்களிடம் தம்புரு எப்படி வந்தது? எகிப்திலேயே எடுத்துவைத்திருந்தார்கள் என்கிறது மரபு. கடவுள் அற்புதம் செய்வார், அன்றைக்குப் பாட வேண்டிவரும் என்று அந்தப் பெண்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

கடல் பாட்டை ஆலயத்தில் எப்படி வாசிக்கிறார்கள்?

எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வழக்கமான ராகத்தில் போய்க்கொண்டிருந்த வாசிப்பு அந்த இடத்தில் பாட்டுக்கென்றே உள்ள ராகத்துக்கு மாறும்.

வாய்ப்புக் கிடைத்தால் தோராச் சுருளில் அந்தப் பக்கத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். தோலில் இறகுப் பேனாவால் கையால் எழுதிய சுருள். மற்ற பத்திகளில் எழுத்து இடைவெளி இல்லாமல் ஓரம் முதல் ஓரம் வரை நிறைந்து நிற்கும். கடல் பாட்டு வந்ததும் அது காற்றோட்டமாகிவிடும். ஒரு வரியில் எழுத்து மூன்று துண்டாக, இரண்டு இடைவெளிகளோடு நிற்கும். அதற்குக் கீழ்வரியில் இரண்டே துண்டு, நடுவில் ஓர் இடைவெளி. மேலே வெற்றிடம் இருக்கும் இடத்துக்குக் கீழே எழுத்து, எழுத்துக்குக் கீழே வெற்றிடம். வாசிப்பவர் கையிலிருக்கும் வெள்ளிக் குச்சி அந்த வெற்றிடங்களைத் தாண்டித் தாண்டிப் போகும்.

'அரைச் செங்கல்மேல் முழுச் செங்கல்' என்று தல்மூத் இந்த அமைப்பைச் சொல்கிறது. கொத்தனார் சுவர் வைக்கும்போது மேல்வரிசை இணைப்பும் கீழ்வரிசை இணைப்பும் ஒரே கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி வைப்பாரே, அதேதான். அப்படிக் கட்டினால்தான் சுவர் நிற்கும். எகிப்தில் காலம் முழுக்கப் பார்வோனுக்குச் செங்கல் அறுத்தவர்கள் இவர்கள். அவர்களுடைய முதல் பாட்டைச் செங்கல் சுவர் போல எழுதிவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இவ்வளவு பெரிய வெற்றி நாளில் துதிப் பாடல்களை ஏன் குறைத்துப் பாடுகிறார்கள்?

பண்டிகைகளில் 113 முதல் 118 வரையான சங்கீதங்களைச் சேர்த்து 'ஹாலேல்' என்று பாடுவார்கள். பஸ்காவின் தொடக்கத்தில் அதை முழுதாகப் பாடுவார்கள். பிறகு வரும் நாட்களில், கடைசி நாள் உட்பட, 115, 116 இரண்டிலும் முதல் பாதியை விட்டுவிடுவார்கள்.

தல்மூதில் இதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. கூடாரப் பண்டிகையில் ஒவ்வொரு நாளும் பலிகளின் எண்ணிக்கை மாறும், பஸ்காவில் மாறாது, ஆகவே ஒவ்வொரு நாளையும் புதுப் பண்டிகை போலப் பாட வேண்டியதில்லை. ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது வேறொரு காரணம். எகிப்தியர் கடலில் மூழ்கும்போது தேவதூதர்கள் பாடத் தொடங்கினார்கள். கடவுள் தடுத்தார். 'என் கைகள் படைத்தவை கடலில் மூழ்குகின்றன, நீங்கள் பாடுகிறீர்களா?' என்று கேட்டார். இந்தக் கதையும் தல்மூதில் உள்ளதுதான். அதைப் பாட்டைக் குறைப்பதோடு இணைத்தார்கள் பிற்காலத்தவர்கள்.

அப்படியானால் மோசேயும் இஸ்ரவேலரும் பாடினார்களே என்று கேட்கலாம். அவர்கள் தண்ணீருக்குள்ளிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள், அவர்களுக்குப் பாட உரிமை உண்டு. ஆபத்தே இல்லாமல் மேலிருந்து பார்த்த தூதர்களுக்கு இல்லை. இந்த விளக்கம் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. துரத்தி வந்தவனும் யாரோ ஒருவர் படைப்பு என்பதை ஒரு ஜனம் தன் பிரார்த்தனைப் புத்தகத்திலேயே, வருஷா வருஷம் பாட வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்வதன் மூலம் நினைவில் வைத்திருக்கிறது.

இரவில் விழித்திருக்கும் வழக்கம் உண்டா?

உண்டு, முக்கியமாக பக்திப் பரவசத்துக்கு முக்கியம் கொடுக்கும் ஹசிதிய யூத மரபினரிடம். கடல் பிளந்தது இரவில் என்பதால் ஏழாம் நாளின் இரவு முழுக்க உட்கார்ந்து தோரா படிப்பார்கள். எருசலேமில் மேயா ஷெயாரிம் பகுதியில் சில குழுவினர் தரையில் தண்ணீரை ஊற்றி, அதற்குள் ஆடிக்கொண்டே கடல் பாட்டைப் பாடுவார்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கூட்டமாகக் கடற்கரைக்கே போய்ப் பாடுவதும் உண்டு.

யிஸ்கோர் என்பது என்ன?

'அவர் நினைவுகூர்வாராக' என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். இறந்த பெற்றோர், உறவினருக்கான பிரார்த்தனை. அஷ்கனாசி (ஐரோப்பிய) யூதர்கள் வருஷத்தில் நான்கு முறை சொல்கிறார்கள், அதில் ஒன்று பஸ்காவின் கடைசி நாள். இஸ்ரேலில் ஏழாம் நாள், மற்ற இடங்களில் எட்டாம் நாள்.

தோரா வாசிப்பு முடிந்ததும் ஆலயத்தில் ஒரு அசைவு இருக்கும். அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருப்பவர்கள் எழுந்து வெளியே போவார்கள், பெரும்பாலும் இளைஞர்களும் பிள்ளைகளும். கதவு சாத்தப்படும். உள்ளே இருப்பவர்கள் அவரவர் தாழ்ந்த குரலில் தங்கள் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சொல்லி, அவர்களுக்காகத் தர்மம் கொடுப்பதாக வாக்களிப்பார்கள். போன வருஷம் வரை மற்றவர்களோடு வெளியே போன ஒருவர் இந்த வருஷம் முதல்முறையாக உட்கார்ந்தே இருப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமலே விஷயம் புரிந்துவிடும்.

தர்மத்துக்கும் அன்றைய வாசிப்புக்கும் தொடர்பு இருக்கிறது. எட்டாம் நாள் வாசிப்பு உபாகமம் 16:17இல் முடிகிறது. பண்டிகைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது, அவரவர் சக்திக்கு ஏற்பக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டில் 24 மணி நேரம் எரியும் நினைவு விளக்கை முந்தைய மாலையே ஏற்றிவிடுவார்கள்.

கொண்டாட்டத்தின் நடுவில் துக்கம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பண்டிகைச் சாப்பாட்டு மேஜையில்தானே இல்லாதவர்களின் இடம் காலியாகத் தெரியும்? பொங்கலன்று படத்துக்கு முன்னால் வைக்கும் இலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எட்டாம் நாளுக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

அன்று தீர்க்கதரிசன வாசிப்பு ஏசாயா 10:32இலிருந்து 12ஆம் அதிகாரத்தின் முடிவு வரை. அசீரியப் படை எருசலேமின் வாசலுக்கு வந்து கையை ஓங்கி நிற்பதில் அது தொடங்குகிறது. அந்தப் படை ஒரு பஸ்கா இரவில் அழிந்தது என்பது மரபு. பிறகு ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும் அந்தப் புகழ்பெற்ற 11ஆம் அதிகாரம் வருகிறது. முதல் இரவில் நடந்து முடிந்த விடுதலை, கடைசி நாளில் இனி வரவேண்டிய விடுதலை.

ஹசிதிய இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் (1698–1760) இந்த நாளில் மேசியாவின் ஒளி துலங்குகிறது என்று சொல்லி, மாலையில் கூடுதலாக ஒரு சாப்பாடு சாப்பிடுவார். அதற்கு 'மேசியாவின் விருந்து' என்று பெயர் வந்தது. 1906இல் ரஷ்யாவின் லுபாவிச் ஊரில், அந்த ஊரின் பெயரால் அறியப்படும் ஹசிதிய மரபின் ஐந்தாம் ரெபே (குரு) ஷாலோம் தோவ்பேர் ஷ்னேயர்சன் தன் மாணவர்களோடு உட்கார்ந்து இந்த விருந்தில் நான்கு கிண்ணம் திராட்சரசத்தையும் சேர்த்தார். முதல் இரவைப் போலவே கடைசி மாலையிலும் நான்கு கிண்ணம். லுபாவிச் மரபினர் இன்று உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். மேஜையில் புளிப்பில்லா அப்பம், திராட்சரசம், சொற்களில்லாத மெட்டுகள். சூரியன் மறைவதற்கு முன் உட்கார்ந்து, இருட்டிய பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் இருப்பார்கள்.

எட்டாம் நாளில் அப்பத்தைச் சூப்பில் ஊறவைப்பது ஏன்?

ஹசிதியர்களில் பலர் முதல் ஏழு நாளும் புளிப்பில்லா அப்பத்தில் ஈரம் படவிடமாட்டார்கள். சரியாக வேகாத மாவு எங்காவது ஒட்டியிருந்தால், தண்ணீர் பட்டுப் புளித்துவிடுமோ என்ற பயம், பஸ்காவில் புளித்த மாவு கூடாதே. சாப்பாட்டு மேஜையில் அப்பத்தை மூடியே வைப்பார்கள். எட்டாம் நாள் பிற்காலத்தில் சேர்ந்த நாள் என்பதால் அன்று அந்தக் கூடுதல் கட்டுப்பாடு இல்லை. அதே ஆட்கள் அன்று வேண்டுமென்றே அப்பத்தைச் சூப்பிலும் பாலிலும் தோய்த்துச் சாப்பிடுவார்கள். மேசியாவின் காலத்தில் எந்தத் தீங்குக்கும் பயப்பட வேண்டியிருக்காது என்பதன் அடையாளம் அது என்று விளக்கம் சொல்வார்கள்.

வேலைக்குப் போகலாமா? சமைக்கலாமா?

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் முழுப் பண்டிகை நாட்கள். நடுவில் வரும் நாட்களைப் போல் தளர்வு கிடையாது. மரபைக் கடைப்பிடிப்பவர்கள் வேலைக்குப் போவதில்லை, வண்டி ஓட்டுவதில்லை, எழுதுவதில்லை. ஆனால் அன்றைய சாப்பாட்டைச் சமைக்கலாம். ஏற்கெனவே எரியும் நெருப்பிலிருந்து நெருப்பு எடுத்துக்கொள்ளலாம், புதிதாகத் தீக்குச்சி உரசக்கூடாது.

மாலையில் விளக்கேற்றும்போது ஒரு சின்ன வித்தியாசம். மற்றப் பண்டிகைகளின் தொடக்கத்தில் 'எங்களை இந்த நேரம்வரை வாழவைத்தவரே' என்ற நன்றியையும் சேர்த்துச் சொல்வார்கள். பஸ்காவின் கடைசி நாட்களில் சொல்வதில்லை, அது புதுப் பண்டிகை அல்ல, தொடங்கியதன் முடிவு என்பதால்.

அன்றாவது சோறு சாப்பிடலாமா?

அரிசிக்கும் கடைசி நாளுக்கும் சம்பந்தமில்லை. அஷ்கனாசி வழக்கத்தில் எட்டு நாளும் அரிசியும் பருப்பும் கிடையாது. செஃபார்தி (ஸ்பெயின் வழிவந்த), மத்திய கிழக்கு யூதர்களில் பலர் எல்லா நாளும் அரிசி சாப்பிடுவார்கள், கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்த பிறகு. 2015இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவும் அரிசி, பருப்புக்கு அனுமதி கொடுத்தது.

பண்டிகை முடிந்த அந்த நிமிஷத்தில் என்ன செய்வார்கள்?

திராட்சரசத்தின் மேல் ஆசீர்வாதம் சொல்லிப் பண்டிகையை வழியனுப்புவார்கள். சிலர் திராட்சரசத்துக்குப் பதில் பீரை எடுப்பார்கள். பார்லி புளித்து வந்த பானம், அதாவது எட்டு நாள் தொடாத பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வில்னா காவோன் என்று அழைக்கப்படும் ரப்பி எலியாவின் (1720–1797) வழக்கம். கடைசி நாள் சாயங்காலம், பண்டிகை முடியப்போகும் நேரத்தில், அவர் இன்னொரு முறை உட்கார்ந்து புளிப்பில்லா அப்பம் சாப்பிடுவார். முதல் இரவுக்குப் பிறகு அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தாலும் இனி ஒரு வருஷம் அந்தக் கட்டளை கைக்கு வராதே என்று கடைசித் துண்டையும் அன்போடு சாப்பிடுவார். இருட்டியதும் பீரின் மேல் ஆசீர்வாதம். அப்பம் ருசிக்காக அல்ல, கட்டளைக்காகத்தான் என்று அதனால் தெரியும்.

புளித்த பொருட்களைப் பண்டிகைக்கு முன் யூதரல்லாத ஒருவருக்கு முறைப்படி எழுதி விற்றிருப்பார்கள். யூதருக்குச் சொந்தமாகப் பஸ்காவைக் கடந்த புளித்த பொருளைப் பிறகும் தொடக்கூடாது என்பது சட்டம். ஆகவே ரப்பி அதை மறுபடி வாங்கி முடிக்கும்வரை சற்று நேரம் அலமாரியைத் திறக்கமாட்டார்கள்.

மிமூனா என்பதும் இதில் சேர்ந்ததா?

மொராக்கோ யூதர்களுடையது. பஸ்கா முடிந்த அதே இரவில் தொடங்கும். பெயர்க் காரணத்தைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸின் தந்தை மைமோன் இறந்த நாள் என்பார்கள் சிலர். அரபியில் அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் சொல் என்பார்கள் சிலர். விசுவாசம் என்று பொருள்படும் 'எமூனா' என்பார்கள் இன்னும் சிலர்.

வீட்டு வாசல் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம். மேஜையில் பச்சைக் கோதுமைக் கதிர், பால், தேன், பேரீச்சம்பழம், ஒரு முழு மீன், மாவுக்குள் செருகிய நாணயங்கள். நடுவில் முஃப்லேத்தா. எண்ணெய் தடவிய கையால் மாவு உருண்டையை, நம் ஊர் பரோட்டா மாஸ்டர் விசிறுவதற்கு முன் விரிப்பதைப் போல, அந்தப் பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக விரிப்பார்கள். முதல் ஒன்றைச் சட்டியில் போட்டுத் திருப்புவார்கள். வெந்த பக்கத்தின் மேல் அடுத்த பச்சை மாவைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துத் திருப்புவார்கள். அப்புறம் மூன்றாவது. இப்படி அடுக்கு ஏறிக்கொண்டே போகும், உள்ளே இருப்பவை ஆவியில் மெத்தென்று இருக்கும். சூடாக ஒன்றை உரித்தெடுத்து வெண்ணெயும் தேனும் தடவிச் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். எட்டு நாள் கழித்து வாயில் படும் முதல் கோதுமை மாவுப் பண்டம் அது. 'தர்பஹூ உ தஸ்அதூ', செழிப்பாகவும் சந்தோஷமாகவும் இருங்கள், என்று வாழ்த்துவார்கள். மறுநாள் கடலுக்கோ ஓடைக்கோ போய்க் காலை நனைப்பதும் உண்டு, கடலைக் கடந்த நினைவாக.

பஸ்கா முடிந்த யூத வீட்டில் மாவு ஏது? முஸ்லிம் அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாவு, பால், வெண்ணெய், தேன் எல்லாம் தட்டில் வரும். 1948க்குப் பிறகு மொராக்கோ யூதர்களில் பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இஸ்ரேலில் இன்று மிமூனா எல்லோருக்குமான விழாவாகிவிட்டது, எருசலேமின் சாக்கர் பூங்காவில் பெருங்கூட்டம் கூடும். ஆனால் அந்தத் தட்டை எடுத்துவந்த பக்கத்து வீட்டார் அங்கே இல்லை.

இந்திய யூதர்களிடம் எப்படி?

கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் மராத்தியில் பஸ்காவை ஜாடி மூடும் பண்டிகை என்ற பொருளில் அழைத்தார்கள். குழம்புக்குச் சேர்க்கும் புளித்த நீர் இருந்த மண்பாத்திரத்தை அந்த நாட்களில் மூடிவைத்துவிடுவார்களாம். கடைசி நாள் முடிந்தால் மூடி திறக்கும். கொச்சி யூதர்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள். பஸ்கா அரிசியைப் பெண்கள் மணி மணியாகப் பொறுக்கித் தனியாக எடுத்துவைப்பார்கள்.

சாவி வடிவ ரொட்டி?

பஸ்காவுக்குப் பிறகு வரும் முதல் ஓய்வுநாளில் சில அஷ்கனாசி வீடுகளில் ரொட்டியைச் சாவி வடிவில் சுடுவார்கள், அல்லது சாவியை மாவின் மேல் அழுத்தித் தடம் பதிப்பார்கள். கானானுக்குள் நுழைந்த பிறகு ஒரு பஸ்காவை ஒட்டித்தான், பாலைவனத்தில் வானிலிருந்து கிடைத்துவந்த மன்னா என்ற உணவு நின்றுபோனது (யோசுவா 5:12). அதன் பிறகு உழைத்துத்தான் சாப்பாடு. பிழைப்பின் கதவு திறக்கட்டும் என்பதுதான் அந்தச் சாவி.

எனக்கு யூத நண்பர் இருக்கிறார். கடைசி நாளில் என்ன சொல்வது, என்ன கொண்டுபோவது?

'ஹாக் சமேயாஹ்' என்றால் போதும், மகிழ்ச்சியான பண்டிகை என்று பொருள். பண்டிகையைக் கடைப்பிடிப்பவராக இருந்தால் அன்று தொலைபேசியை எடுக்கமாட்டார், முந்தைய நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். பெற்றோரை இழந்தவர் என்றால் காலையில் யிஸ்கோர் சொல்லிவிட்டு வந்திருப்பார், கொஞ்சம் அமைதியாக இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். பிஸ்கட், கேக், முறுக்கு எதுவும் அன்று வேண்டாம். முழுப் பழங்கள் கொண்டுபோகலாம். ரொட்டியோ இனிப்போ கொடுக்க ஆசையிருந்தால் இருட்டும்வரை காத்திருந்து, அவர் அலமாரியைத் திறந்த பிறகு போங்கள்.